ஸ்டூல் மேல் நிற்பவர்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். நீ, அத்தான், குட்டி மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன். வேலை போகவில்லை. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பாதிக் கடிதத்தில் போனை எடுத்துவிடுவாய்.

பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் எனக்கு ஆறு மாத வேலை என்பது உனக்குத் தெரியும். ஓர் அறை, நானூறு பெட்டிகள், நான். பெட்டிக்குள் கிடக்கும் வளாக வரலாற்றை வெளியே எடுத்து நாலு பேருக்குக் காட்டாவிட்டால், அறையை உடைந்த நாற்காலிகளுக்குக் கொடுத்துவிடுவதாகப் பதிவாளர் சொல்லியிருந்தார். நாற்காலிகளுக்கு என்னைவிட சீனியாரிட்டி அதிகம். ஆகவே கேன்டீன் வராந்தாவில் பழைய புகைப்படக் கண்காட்சி. நடுவில் பெரிதாக ஒரு படம். நூலகத் திறப்பு நாள். ஸ்டூல் மேல் ஒருவர். கூரை விளக்கை நோக்கி உயர்ந்த கை. தெரிவது முதுகும் ஒரு காதும்தான். கீழே ஸ்டூல் பலகையோடு படம் வெட்டுப்பட்டிருந்தது. பின்புறம் பென்சிலில் "துணைவேந்தர், நூலகம்." அரை நாள் அந்த முதுகையே பார்த்தேன். பிறகு சட்டத்துக்குள் படத்தின் கீழே வைக்கும் அட்டையில் எழுதினேன்: "அறிவொளி ஏற்றும் முதல் துணைவேந்தர்." கொஞ்சம் அதிகம்தான்.

முதல் நாள் பதிவாளர் வந்தார், மாணவர்கள் வந்தார்கள். சாப்பாட்டு வரிசையிலிருந்து விலகிய ஒரு பெரியவர் படத்தின் முன் நின்று சிரிக்கத் தொடங்கினார்.

"யாருப்பா இது துணைவேந்தர்?"

"ஸ்டூல் மேல நிக்கிறவர்தாங்க ஐயா."

"அது நான்ப்பா! முப்பது வருஷம் இங்க எலக்ட்ரீஷியன். என் முதுகு எனக்குத் தெரியாதா?"

எனக்குப் பின்னால் பதிவாளர் நின்றுகொண்டிருந்தார். பெரியவரோ நிறுத்தவில்லை, திறப்புக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விளக்கு அணைந்ததும், விருந்தினர்கள் வாசலில் விசிறிக்கொண்டு நின்றதும், தான் ஏறியதும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"ஷாக் அடிக்கலையா ஐயா?" என்றாள் ஒரு மாணவி.

"அடிச்சுதும்மா. ரிப்பன் வெட்டப் போற நேரத்துல யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

ஒரு மணி நேரம் பேசினார். தட்டுகளில் சாப்பாடு ஆறியது. யாரும் நகரவில்லை.

பதிவாளர் என் தோளில் கை வைத்தார். முடிந்தது என்று நினைத்தேன். "இதுக்குத்தான்ப்பா கண்காட்சி வைக்கச் சொன்னேன். மாசம் ஒரு பழைய ஊழியரைக் கூப்பிடு. பேச விடு. நீயும் இன்னும் ஒரு வருஷம் இரு." அட்டையை மட்டும் மாற்ற வேண்டுமாம். இத்தனை மாதத்தில் முதல்முறையாக அந்த அறையில் உட்கார்ந்து நிம்மதியாக மூச்சு விட்டேன். தூசி உள்ளே போய்த் தும்மினேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அத்தானுக்கு என் விசாரிப்பு. குட்டியைப் பிடிக்க முடிந்தால் ஒரு முத்தம்.

இப்படிக்கு, இன்னும் வேலையில் இருக்கும்
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுமுன் சொல்ல வேண்டியது. அட்டையை மாற்றப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். அதன் பின்னால் இன்னொரு படம் ஒட்டியிருந்தது; நான் படித்த பென்சில் எழுத்து இதன் பின்புறத்தில்தான். அதே நாள், அதே ஸ்டூல், அதே காது. மேலே நிற்பவர் இதில் திரும்பியிருக்கிறார்: துணைவேந்தரேதான். கீழே ஸ்டூலை இரு கையாலும் பிடித்தபடி நம் பெரியவர். பெரியவருக்குப் போன் செய்து சொன்னேன். "மூணு தடவை ஏறினேன் தம்பி, எரியல. அப்புறம் அவரே ஏறிட்டாரு. அத்தனை பிள்ளைங்க முன்னால அதை எப்படிச் சொல்ல?" பிறகு அவரே சொன்னார்: "பரவாயில்லை, அந்தப் படத்தையும் மாட்டிடு. அதுலயாவது என் முகம் தெரியுதே."