கம்ப்யூட்டர் பார்க்கும் படலம்

மனித இனம் சக்கரத்தைக் கண்டுபிடித்த களைப்பில் கொஞ்ச காலம் ஓய்வெடுத்துக்கொண்டது. அதற்கடுத்த மகத்தான காரியம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழில், கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டுடியோ லோகநாதன் தலைமையில் நடந்தது. நடுவில் நடந்தவற்றைச் சரித்திர ஆசிரியர்கள் அநாவசியமாகப் பெரிதுபடுத்துகிறார்கள் என்பது லோகநாதனின் அபிப்பிராயம்.

இரும்புலியூரிலிருந்து சேலையூர் வரைக்கும் உள்ள போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கல்யாணப் படங்களைத் திருத்தவும், வீடியோவில் மணப்பெண்ணை ரோஜாப்பூவுக்குள் வைத்து மூடித் திறக்கவும், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதென்று சங்கம் முடிவு செய்தது. வாங்குவதற்கு முன் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கக் குழு வேண்டும். குழுவுக்குத் தலைவர் வேண்டும். லோகநாதன் வாங்கிய கிரைண்டர் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை என்பதால் 'தொழில்நுட்ப வல்லுநர்' பதவி அவருக்கு ஏகமனதாக வந்து சேர்ந்தது. கூட இரண்டு பேர். செயலாளர் எட்மண்ட், தீர்மானங்களை ஆங்கிலத்தில் எழுதுவார். வீடியோ எடுக்கும் முனீருக்குக் கம்ப்யூட்டரை நிஜமாகவே இயக்கத் தெரியும். குழு இதை ஒரு குறையாகவே கருதியது. ஆனாலும் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டது.

செய்தி ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கப் பூக்கடைக்குப் போயிற்று. பூக்கடைத் தையல்நாயகி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் வந்தாள். கொண்டுவந்தது இரண்டு படம். ஒன்று மகளின் கல்யாணத்தில் லோகநாதனே எடுத்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் கும்பலாக நிற்க, பெண்ணுக்கு இந்தப் பக்கம் தையல்நாயகி மட்டும் ஒற்றையாக நின்றாள். மற்றது அவள் புருஷன் கோவளம் கடற்கரையில், காற்றில் சட்டை உப்பிக்கொண்டு நிற்பது. மனுஷன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்து வந்த வாரமே நெஞ்சுவலியில் போய்விட்டான். கல்யாணத்தைத் தள்ளிவைத்து நடத்தினார்கள். அவனுக்கென்று இருந்த படம் அது ஒன்றுதான்.

"பொண்ணு தை கடைசியில மஸ்கட்டுக்குப் பூடும் சார், அது வூட்டுக்காரர்கூட. அதுக்குள்ள இவரை எம்பக்கத்துல நிக்க வெச்சிக் குடுத்தீங்கன்னா எடுத்துகினு போவும். கம்ப்யூட்டருல முடியும்னு சொல்றாங்களே."

லோகநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விஞ்ஞானம் ஏழைகளை எட்டும் தருணங்களில் அவர் அப்படிச் செய்வது வழக்கம். "மெஷின் வரட்டும்மா. முதல் வேலை உன்னுதுதான். அந்தச் சட்டையை எடுத்துட்டு கோட்டே போட்டுடலாம்."

"சட்டை அதுவே இருக்கட்டும் சார். கோட்டு போட்டா பொண்ணுக்கே அடையாளம் தெரியாது."

குழு கூடியது. ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினால் ஒரே வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்றான் முனீர். குழு திடுக்கிட்டது. "உடம்பு ஒரு கடையில, தலை ஒரு கடையில. குலம் கோத்திரம் தெரியாததை எப்படிப்பா வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர்றது?" என்று கேட்டார் லோகநாதன். கம்பெனியே முழுசாகப் பூட்டி, சீல் வைத்து, பெயர் பொறித்து அனுப்புகிற கம்ப்யூட்டர்தான் 'நமது பண்பாட்டுக்கு உகந்தது' என்று எட்மண்ட் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்.

ஆகவே பார்க்கப் போனார்கள். வளர்பிறையில், ராகுகாலம் கழித்து, மின்சார ரயிலேறி, மவுண்ட் ரோடு ஷோரூம்களுக்கு. லோகநாதனின் மனைவி கங்கையம்மாளும் உடன் போனாள். வீட்டுப் பெண்கள் பார்க்காமல் எதையும் நிச்சயம் செய்வதில்லை.

ஷோரூமில் டை கட்டிய விற்பனையாளர் மெமரி, ஹார்ட் டிஸ்க் என்று அடுக்கினார். பெண் நன்றாகச் சமைப்பாள், பாடுவாள் என்று தரகர் சொல்வதைக் கேட்கிற முகத்தோடு லோகநாதன் கேட்டுக்கொண்டார். பிறகு குனிந்து பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். "கனம் இருக்கு" என்றார். எட்மண்ட் அதைக் குறித்துக்கொண்டார்.

கங்கையம்மாள் தயங்கித் தயங்கி, "நிறம் கொஞ்சம் மட்டமா இருக்கே?" என்றாள்.

"ஐவரி, மேடம். எல்லாமே இந்தக் கலர்தான்."

"போகப் போகக் கருத்துடாதே?"

எல்லாக் கடையிலும் திரையில் ஒரு கிளிப் படம் உட்கார்ந்திருந்தது. எந்தக் கடையில் கிளி அதிகப் பச்சையாக இருக்கிறது என்பதே குழுவின் 'விஞ்ஞான அளவுகோல்' ஆயிற்று. பச்சை கிளியில் இல்லை, மானிட்டருக்குக் கீழே உள்ள திருகில் இருக்கிறது என்று முனீர் திருகிக் காட்டினான். பிறத்தியார் பொருளைத் தொடாதே என்று லோகநாதன் அதட்டினார். கடைசிக் கடையில் கிளி கண்ணைக் கூசும் பச்சை.

"கிளி கூடவே வருமா?" என்று கேட்டார் லோகநாதன்.

"ஃப்ரீ சார்."

லோகநாதனுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் மனசைக் காட்டுகிற வழக்கம் கிடையாது. "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று எழுந்தார். விற்பனையாளர் தங்கையைக் கட்டிக்கொடுக்க அலைந்தவராக இருக்க வேண்டும். முகம் சட்டென்று வாடிற்று.

லெட்டர் போடத் தாமதமாயிற்று. ஆடியில் வாங்கக் கூடாது. ஆவணி முழுக்க முகூர்த்தம், குழுவே கல்யாணங்களுக்குப் படமெடுக்கப் போய்விட்டது. புரட்டாசி யோசனையில் போயிற்று. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாதம் தவறாமல் தையல்நாயகி ரோட்டைக் கடந்து வந்து, "இன்னா சார், மெஷின் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். லோகநாதன் நாற்காலியைப் பூக்கடைக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். வாஸ்துப்படி அதுதான் சரி என்று பிறகு தெரியவந்தது.

தை பிறந்தது. மணமகள் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கினாள். ஸ்டுடியோவின் பின்னறைக்கு ஏ.சி. போட்டார்கள். செருப்பு வெளியே. கங்கையம்மாள் ஆலம் சுற்றிப் பொட்டு வைத்தாள். புது வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள் அல்லவா? இதில் உருளுகிற பாகம் மவுஸ் ஒன்றுதான். அதை வைத்தே நசுக்கினார்கள். மறுநாள் வேறு மவுஸ் வாங்கினார்கள்.

திறந்துவைக்க ஒரு பழம்பெரும் சினிமா ஒளிப்பதிவாளரை அழைத்து, அழைப்பிதழிலும் 'கேமரா உலகின் பீஷ்மர்' என்று போட்டிருந்தார்கள். தையல்நாயகியிடம் ஆளுயர ரோஜா மாலை கட்டி வாங்கினார்கள். பீஷ்மர் கடைசி நேரத்தில் ஃபோனில், தாம்பரமெல்லாம் யார் வருவது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மாலை பூக்கடைக்கே திரும்பிப் போனது.

அழைப்பிதழில் பெயர் ஏறிவிட்டது. இனிமேல் அவர் வந்தாக வேண்டும். குழு அவசரமாகக் கூடிக் கம்ப்யூட்டருக்கு முதல் வேலையை நிர்ணயித்தது.

முனீர் மெதுவாகக் கேட்டான். "அண்ணே, பூக்கார அக்காவோடதுதானே முதல்னு சொன்னீங்க?"

"அது தனிநபர் விவகாரம்பா. இது சங்கத்தோட மானம்."

முனீர் உட்கார்ந்தான். பழைய வாரப் பத்திரிகையிலிருந்து பீஷ்மர் வந்தார். வேறொரு கல்யாணத்திலிருந்து மாலை வந்தது. ரிப்பன் வெட்டிச் சிரித்தார். தரையில் அவருக்கு நிழல்கூட விழுந்தது. அருகே லோகநாதன் கைகூப்பி நின்றார். படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்கள். அதோடு கம்ப்யூட்டர் களைத்திருக்கும் என்று கருதி, வெல்வெட் உறை போட்டு ஓய்வு கொடுத்தார்கள்.

தை கடைசியில் தையல்நாயகி வந்தாள். "நாளைக்கு ஃப்ளைட்டு சார்."

லோகநாதன் எடுத்துச் சொன்னார். குழு கூட வேண்டும், தீர்மானம் போட வேண்டும், தேய்பிறை வேறு, மெஷினும் ஓய்வில் இருக்கிறது. அவள் அதைக் கேட்கவில்லை. வாசல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரு வரலன்னுதானே சார் மாலையைத் திருப்பிக் குடுத்தீங்க?"

"வரலதான்" என்றார் லோகநாதன். அவருக்குக் குரலே பூரித்துவிட்டது. "கம்ப்யூட்டர் வரவழைச்சிடுச்சு. எவ்ளோ தத்ரூபமா இருக்கு பாரு."

தையல்நாயகி மேஜைமேல் தூசி படிந்து கிடந்த தன் படங்கள் இரண்டையும் எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"வரமாட்டேன்னு சொன்னவரை மாலை போட்டு நிக்க வெச்சிட்டீங்க. எங்க வூட்டுக்காரரு பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சவரு சார். அவரை நிக்க வெக்கத்தான் உங்களுக்கு நாளு சரியில்ல."