செயற்கைச் சதையின் அன்பர்

மனிதர்களில் 'திரையில் சரியாகத்தானே இருக்கிறது' என்று ஓர் இனம் உண்டு. பெங்களூரில் இது செழித்து வளர்கிறது. கம்ப்யூட்டருக்காகப் போட்ட ஏ.சி. இதற்கும் இதமாக இருக்கிறது.

உதாரணத்துக்கு நம் டாக்டர் சுந்தரேசனைப் பாருங்கள். டாக்டர் என்றதும் நாக்கை நீட்டிவிடாதீர்கள், அவர் ஆண்டெனா டாக்டர். புற்றுக்கட்டியை மைக்ரோவேவ் கொண்டு நாற்பத்து மூன்று டிகிரிக்குச் சூடாக்கினால், அதன்மேல் கதிர்வீச்சு இன்னும் நன்றாக வேலை செய்யும். அந்தச் சூட்டைத் தோலுக்கு வெளியிலிருந்து அனுப்பும் உள்ளங்கை அகல ஆண்டெனாவை வடிவமைக்கிறார். நல்ல தொழில். தொழிலைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

ஆண்டெனாவைச் சோதிக்க, கடற்பாசியும் உப்பும் சர்க்கரையும் காய்ச்சிக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, சதைக்குப் பதிலாக ஒரு ஜெல்லிப் பாளம் செய்துகொள்வார்கள். எல்லோரும் செய்வதுதான். ஆனால் சுந்தரேசன் அதைக் காதலித்தார். அது தட்டையாக இருக்கும், மூச்சு விடாது, இருமாது, விலா எலும்பு கிடையாது, எல்லாவற்றுக்கும் மேலாக வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாது. இப்படி ஒரு நோயாளி யாருக்குக் கிடைப்பார்? விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் ஜெல்லியில் பரவிய சூட்டின் வண்ணப்படம் வரும். நடுவில் சிவப்பு, சுற்றி மஞ்சள், ஓரத்தில் நீலம். "பாத்தேளா, எவ்ளோ சமச்சீரா இருக்கு?" நோயாளிக்கு எப்போது என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம் ஆப்டிமைஸ் பண்ணணும்" என்பார். பல வருடமாக இதே பதில்.

தொண்ணூற்றொன்பதில் ஒருவழியாக ஆண்டெனா ஆஸ்பத்திரிக்குப் போனது. நீலசந்திராவிலிருந்து ரத்தினம்மாள் வந்திருந்தார். மார்பை அகற்றிய தழும்பின்மேலேயே கட்டி திரும்ப முளைத்திருந்தது. ஏற்கெனவே கதிர்வீச்சு கொடுத்த இடம், இனிக் கொஞ்சம்தான் கொடுக்க முடியும். அந்தக் கொஞ்சம் பலிக்கவேண்டுமானால் கூடவே சூடு வேண்டும். வேறு வழி இல்லை என்று புற்றுநோய் டாக்டர் நிருபமா சொல்லியிருந்தார்.

அறுவைக்குப் பிறகான நெஞ்சு கண்ணாடித் தட்டா? எலும்பு துருத்தி, தழும்பு குழிந்திருந்தது. தோல் பொசுங்காமலிருக்க ஆண்டெனாவுக்கு அடியில் வைத்த தண்ணீர்ப் பை ஒரு மூலையில் ஒட்டவில்லை. வெப்பம் அளக்கும் கம்பியைச் சுந்தரேசன் எங்கே வைத்தார்? ஜெல்லியில் சூடு அதிகம் வந்த இடத்தில், நட்டநடுவில்.

"சார், இந்த ஓரத்துல எரியுது."

"எரியாதும்மா. நாப்பத்திரண்டுதான் காட்றது."

"எரியுது சார்."

"நீங்க அசையறேள். மூச்சைக் கொஞ்சம் மெதுவா விடுங்கோ."

பக்கத்து அறையிலிருந்து வந்த நிருபமா பையைத் தூக்கிப் பார்த்து, இயந்திரத்தை அணைத்தார். அதற்குள் ஓரத்தில் கொப்புளம். தழும்புத் தோல் ஆற நாளாகும். அதுவரை சூடும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. கட்டிக்கு அந்த விடுமுறை கிடையாது. ஆறுவதற்குள் அது கழுத்துவரை போய்விட்டது.

சுந்தரேசன் வருத்தப்பட்டாரா என்கிறீர்களா? பட்டார். கட்டுரையிலேயே எழுதினார்: 'நோயாளியின் ஒத்துழைப்பின்மையால் அளவீடு பாதிக்கப்பட்டது.' கருத்தரங்கில் கைதட்டினார்கள். இப்போது இன்னும் மிருதுவான ஜெல்லி காய்ச்சுகிறாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், அல்லது பல்லைக் கடிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர், "என்னமோ முடியல" என்று உட்கார்ந்தபோது, லேப் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நார்மல்னுதானே போட்டிருக்கு?" என்றீர்களே, அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா?