அரை நிமிஷச் சபை

செனட்டர் லஸ்க்கின் வலது முழங்கால் அவருக்கு முன்பே விழித்துக்கொண்டது. சுரங்கத்தில் கூரை சரிந்த நாளிலிருந்து அது தனிக் குடித்தனம். பதவியெல்லாம் அதற்குத் தெரியாது. பனி விழுந்தால் கத்தும்.

போனில் உதவியாளர் வெர்னா. "சார், சபைத் தலைவர் ஆபீஸ்லேர்ந்து தகவல். இன்னிக்குச் சபைக்கு நீங்க வரவேணாமாம். கால் வலியோட ஏன் அலையணும்னு கேட்டாராம்."

"பிராண்ட்டா? என் கால் மேல அவனுக்கென்ன அக்கறை?"

"பண்டிகைக் காலம் சார். நல்ல மனசு வந்திருக்கும்."

"அவனுக்கா?"

லஸ்க் யோசித்தார். நுரையீரலில் கரி படிந்த சுரங்கக்காரர்களுக்குப் பென்ஷன் தரும் மசோதா ஜனாதிபதி மேஜையில் கிடக்கிறது. இன்றோடு கெடு. சபை நடப்பில் இருந்தால் கையெழுத்தில்லாமலே சட்டமாகிவிடும். மூடிவிட்டு ஊருக்குப் போயிருந்தால் ஜனாதிபதி வாய் திறக்காமலே அதைக் கொன்றுவிடலாம். அதனால்தான் விடுமுறையிலும் யாராவது ஒருத்தர் காலிச் சபையில் சுத்தியல் தட்டிவிட்டுப் போவது.

"போன கூட்டத்தொடர்ல கிறிஸ்மஸுக்கு முன்னாடியே இழுத்து மூடினான். இதே மசோதா செத்துது. இந்தத் தடவ திறந்து வெச்சுட்டு, தட்ட ஆள் வராம பாத்துக்கறான்."

"வேற யாராச்சும் தட்டுவாங்க சார்."

"எல்லாரும் ஃப்ளோரிடாவுல வெயில் காயறாங்க. நான் கிளம்பறேன்."

"கார் அனுப்பவா?"

"டிரைவர் அவன் ஆளு. நடந்தே போறேன்."

முதல் திருப்பத்திலேயே பனியில் வழுக்கி, நல்லவேளையாக வலி இல்லாத காலிலும் அடிபட்டது.

பக்க வாசலில் காவலர் கையை விரித்தார். "மூடியாச்சு சார். தலைவர் உத்தரவு."

முன்படிகளில் ஏறினார், படிக்கொரு வசவாக. உள்ளே லிஃப்ட் நின்றிருந்தது, பக்கத்தில் லிஃப்ட்காரர்.

"ரிப்பேரா?"

"இல்ல சார். தலைவர் நிறுத்தச் சொன்னார்."

மாடிப்படியில் உட்கார்ந்து, பின்புறமாகவே ஒவ்வொரு படியாக ஏறினார் லஸ்க். சுரங்கத்தில் இதைவிட மோசமாகத் தவழ்ந்ததுண்டு. ஆனால் அங்கே டை கட்டியதில்லை.

சபை வாசலில் வாயிற்காப்பாளர் எல்வுட், டோனட் பெட்டியோடு நின்றார். "தலைவர் கொடுக்கச் சொன்னார் சார்."

காலையிலிருந்து பட்டினி. "நீ ஒண்ணு சாப்பிடு, பாப்போம்."

எல்வுட் சாப்பிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

"இன்னொண்ணு."

எல்வுட் விழுவார் விழுவார் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் பெட்டி காலியாயிற்று.

லஸ்க் தலைமை நாற்காலியில் ஏறி, சுத்தியலை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நேரம் வந்ததும் தட்டினார். "சபை கூடியது. சபை ஒத்திவைக்கப்படுகிறது." மறுபடி ஒரு தட்டு. அவ்வளவுதான்.

"எல்வுட், பிராண்ட்டுக்குச் சொல்லு. எத்தன வாசல மூடினாலும் லஸ்க் வந்துட்டான்னு."

"அவருக்குத் தெரியும் சார். நீங்க வரணும்னுதான் மூடச் சொன்னார்."

"என்னய்யா உளர்றே?"

"போன வருஷம் ஊர்ல இருந்தது நீங்க ஒருத்தர்தானாம். வந்து ஒரு தட்டு தட்டுங்கன்னு கெஞ்ச, திரும்பத் திரும்ப போன் பண்ணாராம். ஏதோ பொறின்னு நீங்க எடுக்கவே இல்லியாம். தட்ட ஆளில்லாமத்தான் சார் மூடினார்."

லஸ்க் சுத்தியலைக் கீழே வைத்தார்.

எல்வுட் மீசையில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டார். "எங்கண்ணனும் சுரங்கத்துலதான் இருந்தான் சார். அவனோட போன வருஷப் பென்ஷன் நீங்க பாக்கி."