மாடி போர்ஷனுக்கு ஆள் தேவை

"இதைப் போட முடியாது சார்" என்று கண்ணாயிரம் காகிதத்தைத் திருப்பித் தள்ளினார். உள்ளூர் விளம்பர வாரத்தாளில் வரி விளம்பரம் வாங்கிப் போடுகிறவர் அவர்.

ஆதிமூலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தான் எழுதியதைத் தானே படித்தார். 'மாடி போர்ஷன் வாடகைக்கு. சைவம். நம்மவர்கள் மட்டும்.'

"இதுல என்னய்யா தப்பு?"

"சாதி, மதம், சாப்பாடு. இந்த மூணும் வீட்டு விளம்பரத்துல வரக்கூடாதுன்னு எங்க முதலாளி உத்தரவு. எடுத்துட்டீங்கன்னா போட்டுடலாம்."

"எடுத்துட்டா மாடி மட்டும்தான்யா மிஞ்சும்!"

ஆனால் ஆதிமூலத்துக்கு அவகாசம் இல்லை. அது 1996 மே மாதம். ஜூன் ஒன்றாம் தேதிக்குள் மாடிக்கு ஆள் வராவிட்டால், கீழ்பென்னாத்தூரிலிருந்து சித்தப்பா மகன் சுப்பிரமணி வந்துவிடுவான். பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறானாம். 'மாடி காலியாத்தானே இருக்கு' என்று கடிதமே போட்டுவிட்டான். மொத்தம் ஒன்பது பேர். போன கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் தங்க வந்த கூட்டம், மாசியில்தான் கிளம்பியது.

"சரி, 'ஒழுக்கமான குடும்பத்துக்கு'ன்னு போடு."

ஞாயிற்றுக்கிழமை ஒழுக்கமான குடும்பங்கள் பதினொன்று வந்தன. எல்லோரிடமும் ஆதிமூலம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"சொந்த ஊரு எது? அங்க எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னால் போதும், சாதி அவருக்குத் தெரிந்துவிடும். பத்துக் குடும்பங்களை 'சொல்லி அனுப்பறேன்' என்று அனுப்பிவைத்தார். கடைசியாக வந்தவள் அருணாதேவி. பாங்கில் வேலை. கூட அம்மா மட்டும்.

"நாளைக்கே வந்துடறோம் சார்."

"எந்தத் தெரு?"

"வேலை குடுக்கும்போது பாங்குலகூட இதைக் கேக்கல சார்."

ஆதிமூலம் மேலும் கீழும் பார்த்தார். "வீடு நேத்தே குடுத்தாச்சும்மா."

"அப்ப 'வாடகைக்கு'ன்னு போர்டு தொங்குதே?"

"கழட்ட ஏணி இல்ல."

"ஏணி இல்லாமதான் மாட்டினீங்களா?" அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளேயிருந்து மனைவி உண்ணாமலை வந்தாள். "ஏங்க, ரெண்டே பேரு. அதைப் போய் அனுப்பிட்டீங்களே! சுப்பிரமணி வந்தா நீங்கதான் சமைக்கணும். நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்."

மறுநாள் கண்ணாயிரத்தின் மேஜையில் புதுக் காகிதம் விழுந்தது.

'ஆடி மூன்றாம் வெள்ளி கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் பொங்கல் வைக்கும் குடும்பத்துக்கு மட்டும்.'

சின்ன வயதில் ஆதிமூலம் போனபோது அந்தக் கரையில் ஐம்பது பானை பொங்கியது. ஐம்பதும் நம்மவர்கள். சாதிப் பேரே இல்லாமல் சாதியை எழுதியாயிற்று.

கண்ணாயிரம் சிவப்புப் பேனாவைத் தூக்கினார். "சாதி இல்ல. மதம் இல்ல. ஆனா பொங்கல் இருக்கே சார், அது சாப்பாடாச்சே?"

"வைக்கறதுன்னுதான்யா போட்டிருக்கேன். திங்கறதுன்னா போட்டேன்?"

விளம்பரம் வெளிவந்தது. மே முப்பது வரை ஒரு ஈ, காக்கா எட்டிப் பார்க்கவில்லை. முப்பத்தொன்றாம் தேதி காலை வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. பீரோ, கட்டில், கிரைண்டர். அவற்றின் நடுவே ஒன்பது பேர்.

சுப்பிரமணி குதித்து இறங்கி ஆதிமூலத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"டேய், இருடா" என்றார் ஆதிமூலம். "மாடிக்கு வேற ஆள் வராங்க. பேப்பர்லயே போட்டிருக்கேன்."

"பார்த்துட்டுத்தாண்ணே வந்தோம்! மத்தவங்க எல்லாம் பெங்களூரு போய்ப் பத்து வருஷம் ஆச்சு. ஏரிக்கரையில இப்ப பொங்கல் வைக்கறது எங்க ஒரு குடும்பம்தான். உங்களுக்குத் தொந்தரவு வேணாம்னு செங்கம் ரோட்டுல வேற வீடு பேசி முடிச்சிருந்தேன்; நேர்ல கூப்பிடக் கூச்சப்பட்டு நீங்க பேப்பர்ல கூப்பிட்டதைப் பார்த்ததும், அதை வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டோம்ணே!"