சுண்ணாம்பு அண்ணனும் களைத்துப்போன இரும்பும்

அவர் இரும்புக்குத் திருநீறு பூசுகிறார் என்றுதான் நான் நம்பினேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. முழுதாக மூன்று மாதம். கிராணி வேலை, அதாவது கணக்கெழுதும் வேலை பார்ப்பவன், இங்கிலீஷில் கையெழுத்துப் போடுபவன் இப்படி நம்பலாமா என்று கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு நானே அலுத்துவிட்டேன்.

சுண்ணாம்பு அண்ணனைப் போல இரும்பைச் சந்தேகப்பட்ட மனிதர் மலாக்காவில் அதற்கு முன்னும் பிறக்கவில்லை, இனிமேலும் பிறக்கப் போவதில்லை. மனிதர்களை நம்புவார். நாயை நம்புவார். பஸ் டிரைவரைக்கூட நம்புவார். இரும்பை மட்டும் நம்ப மாட்டார். நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதன் திருகாணியை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். விருந்துக்குப் போனால் குழம்பைப் பார்ப்பதற்கு முன் கரண்டியின் காம்பைப் பார்ப்பார்.

வெள்ளைக்காரன் ஆண்ட ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட் காலம் அது. காஜா பேராங்கில் மூன்று பஸ் வைத்திருந்த ஒரு ராவுத்தரின் பட்டறையில் நான் கிராணி, அவர் ஃபிட்டர். அங்கேயே பிறந்து வளர்ந்த மலாக்கா செட்டி வீட்டுக்காரர். சாமி கும்பிடுவது நம்மைப் போல. வீட்டிலும் வெளியிலும் பேசுவது மலாய். அவர் பேச்சை நான் இங்கே தமிழாக்கித் தருகிறேன். நடுவில் மலாய் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் ஒவ்வொன்றாகத் துரத்தத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு பஸ்ஸின் பின் அச்சைக் கழற்றுவார். மண்ணெண்ணெயில் குளிப்பாட்டுவார். ஈரம் போகத் துடைப்பார். உடம்பெல்லாம் வெள்ளைப் பொடியைப் பூசுவார். பிறகு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கண் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். இதைப் பூசை என்று நினைக்காமல் வேறு என்னவென்று நினைப்பது?

அப்போது என் மனைவி முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம். கவலை அவளுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒன்பது பங்கு. ஒரு ஞாயிறு, செருப்பைக் கழற்றிவிட்டு அச்சின் முன் போய் நின்றேன். ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டு, "தாயும் பிள்ளையும் நல்லா இருக்கணும்" என்று கண்ணை மூடினேன்.

"அலாமாக்! கிராணி, அது சுண்ணாம்புடா! மண்ணெண்ண ஊறினது!"

சாயங்காலத்துக்குள் நெற்றித் தோல் உரிந்துவிட்டது. வீட்டில் அடி பலமோ என்று ஒரு வாரம் ஊரே விசாரித்தது.

அன்றுதான் எனக்கு விளக்கினார். இரும்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் மண்ணெண்ணெய் அதற்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். மேலே துடைத்தாலும் உள்ளே இருப்பது போகாது. சுண்ணாம்பு பூசிக் காத்திருந்தால் மெல்லக் கசிந்து வந்து கறுப்புக் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

"நல்ல இரும்புல ஏன் அண்ணே வெடிப்பு வருது?"

"பெசி பெனாட்." பெசி என்றால் இரும்பு, பெனாட் என்றால் களைப்பு.

"களைக்கிறதுக்கு அது என்ன, சிங்கப்பூருக்கு நடந்தா போச்சு?"

"ஒவ்வொரு சுத்துக்கும் அது ஒரு தடவ வளைஞ்சு நிமிருது. நீ நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிந்து பாரு, தெரியும்."

அப்போது சிரித்தேன். இப்போது என் இடுப்பு அவர் கட்சியில் சேர்ந்துவிட்டது.

அவருடைய ஆராய்ச்சிக்குப் பட்டறையில் தப்பியவர் கிடையாது. ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருளின் மேல் நிறுத்தி, மேலிருந்து ஓர் எஃகுக் குண்டைப் போடுவார். எவ்வளவு உயரம் துள்ளுகிறதோ அவ்வளவு கெட்டி. என் சாப்பாட்டுத் தூக்கின் மூடி தேறவில்லை. முதலாளியின் தங்கப் பல்லைச் சோதிக்க வாயைத் திறக்கச் சொன்னதில் வேலையே போயிருக்கும். என் தலையில் போட்டுப் பார்த்துவிட்டு, "அருமையான எஃகு, உள்ள ஒண்ணுமே இல்ல" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

இன்னொரு யந்திரமும் இருந்தது. பழைய தையல் மெஷினின் கால்மிதி. மிதிக்க மிதிக்க ஓர் எஃகுத் தகட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைக்கும். சாப்பாட்டு நேரம் முழுக்க மிதித்துக்கொண்டே வளைவுகளை வாய்விட்டு எண்ணுவார். எந்தப் பாவியாவது நடுவே ஒரு தப்பு எண்ணைக் கத்துவான். அவ்வளவுதான், அண்ணன் புதுத் தகடு மாட்டி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். அந்தப் பாவி பெரும்பாலும் நான்தான்.

இதற்கிடையே பட்டறையில் சாமான்கள் இடம் மாறிக் காணாமல் போக ஆரம்பித்தன. "கிராணி, எல்லாத்துலயும் பஸ் நம்பரப் போடு" என்றார் முதலாளி. வேறு கிராணியாக இருந்தால் சாயத்தால் எழுதியிருப்பான். நான் உளியும் சுத்தியலும் எடுத்தேன். மூன்று பஸ்களின் அச்சுகளிலும், சக்கரத்தை ஒட்டிய கழுத்தில், ஆழமாக, அழகாக எண்களை வெட்டினேன். அண்ணன் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"கீறாதேன்னு எத்தன தடவ சொல்றது? கழுத்துலயா வெட்டுவே?"

என் கையெழுத்து பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். முதலாளி வந்து தடவிப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்று மெச்சினார். அண்ணன் கையில் எடுத்த அரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

சில மாதம் போயிற்று. என் மனைவியைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக உஜோங் பாசிரிலிருந்து மாமியார் வந்தார். இரண்டாம் நம்பர் பஸ்ஸில் இருவரையும் ஏற்றிக் கையசைத்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் வந்தேன். என்னைத் தேற்றுவதற்காக அண்ணன் தன் ஆராய்ச்சியைக் காட்டினார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

"பாரு. ரெண்டும் ஒரே தகட்டுல வெட்டினது. இது உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேச்சது, நேத்து முழுக்க மிதிச்சேன், ஒண்ணும் ஆகல. இதுல மட்டும் ஆணியால ஒரு கீறல்."

மிதித்தார். நான் பீடி பற்றவைப்பதற்குள் 'டக்' என்றது. கீறல் இருந்த இடத்தில் இரண்டு துண்டு.

"களைச்ச இரும்பு கீறின இடத்துலதான் விட்டுக்கொடுக்கும். அதனாலதான் கிராணி, நான் அந்த ரெண்டாம் நம்பர்..."

மீதியை நான் கேட்கவில்லை. யாருடைய சைக்கிள் என்றும் பார்க்கவில்லை. ஏறிவிட்டேன்.

வழியெல்லாம் மனத்துக்குள் 'டக்', 'டக்'. கோயிலும் பள்ளிவாசலும் இருக்கும் ஜாலான் துக்காங் எமாஸ் தெரு சுற்றுவழி என்று தெரிந்தும் அதற்குள் திருப்பினேன். பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய், நாலடி தள்ளிப் பள்ளிவாசலுக்கு ஓர் ஆடு என்று நேர்ந்துகொண்டேன். என் சம்பளத்துக்கு இரண்டுமே பொய் என்று அந்த இருவருக்கும் தெரிந்திருக்கும். உஜோங் பாசிருக்கு முன்னால் மீன் கூடை ஏற்ற பஸ் நின்றிருந்தது. சைக்கிளை வீசிவிட்டு அதன் முன்னால் மல்லாந்து படுத்தேன்.

"எல்லாரும் இறங்குங்க! அச்சு முறியப் போவுது!"

"கிராணி, குடிச்சிருக்கியா?" என்றான் டிரைவர்.

"மாப்பிள்ளைக்கு வெயில் மண்டையில ஏறிடுச்சு" என்றார் மாமியார்.

"என் மீனு அழுகுது லா, எந்திரி!" என்றாள் கூடைக்காரி.

என் மனைவி இறங்கி வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து பார்த்தாள். "என்னங்க இது, மானம் போவுது. வேட்டியச் சரியாக் கட்டுங்க."

நான் எழவில்லை. பஸ்ஸும் நகரவில்லை. ஒரு மணி நேரம் எல்லாருமாக என்னைத் திட்டினார்கள். திட்டுகள் தீர்ந்துபோய் இரண்டாம் சுற்று ஆரம்பித்தபோது, சாலையில் செருப்பைக் கையில் பிடித்தபடி சுண்ணாம்பு அண்ணன் வந்தார். காஜா பேராங்கிலிருந்து உச்சி வெயிலில் அத்தனை தூரமும் நடை. மூச்சு வாங்கி முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"ஏன்டா, ஒரு மனுஷன் பேசி முடிக்கிற வரைக்கும் நிக்க மாட்டியா? அந்த அச்சு இதுல இல்ல. கழட்டிட்டேன்."

பஸ்ஸுக்கு அடியில் புகுந்து பார்த்தேன். கழுத்து வழவழவென்று இருந்தது. எண் இல்லை. வெளியே எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் பெஞ்சுக்கு அடியிலிருந்து பழைய அச்சை இழுத்துப் போட்டார். மண்ணெண்ணெய், துணி, சுண்ணாம்பு. இருவரும் எதிரே உட்கார்ந்தோம். வெள்ளையில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு மெல்ல எழுந்தது. நான் வெட்டிய 2-இன் காலடியில் புறப்பட்டு, கழுத்தைப் பாதி சுற்றிப் போயிருந்தது.

அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். "முதலாளிகிட்ட என்ன சொன்னீங்க?"

"பெசி பெனாட்னு சொன்னேன்."

"உளியப் பத்தி?"

"அவர் கேக்கல."

நடந்தது இவ்வளவுதான். மனைவியின் வளைகாப்புக்கு நான் லீவு போட்டிருந்த நாளில் அவர் அந்த வெடிப்பைக் கண்டுபிடித்துப் புது அச்சை மாட்டினார். மற்ற இரண்டு பஸ்களிலும் நான் வெட்டிய எண்களை அரத்தால் வழித்து, உப்புத்தாளால் தேய்த்தார். அச்சைக் கவனிக்காமல் கெடுத்துவிட்டதாக முதலாளி அவரை அரை நாள் திட்டினாராம். நின்று கேட்டுக்கொண்டார், என் பெயரை மட்டும் சொல்லவில்லை.