அரசாணிப் பிஞ்சும் மாப்பிள்ளை விரலும்

சேலம் ஜில்லாவிலேயே பத்து விரலும் நன்றாக இருந்தும் ஒன்றைக்கூட நீட்டாத மனுஷன் எங்கள் மடக்குக்கைக்காரர் ஒருத்தர்தான். கைநாட்டுக்காரி நானே பேங்கில் ஒரு விரலை நீட்டுகிறேன். அவர் அதற்கும் யோசிப்பார்.

சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் எனக்குப் பக்கத்து வீடு. லாரி ஓட்டி ஓய்ந்தவர். சம்சாரம் போய்ச் சேர்ந்த பிறகு கொல்லையில் காய்கறி போட ஆரம்பித்தார். பிஞ்சைப் பார்த்து விரல் நீட்டினால் அது வெம்பி விழுந்துவிடும் என்பார்கள் அல்லவா? எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். நாமெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு வேலையைப் பார்ப்போம். இவர் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். தோட்டத்துக்குள் யார் வந்தாலும் கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரையும் அப்படித்தான் வரச் சொன்னார். அந்த ஆள் சிலிண்டரைப் பல்லிலா கடித்துக்கொண்டு வருவார்?

ஜங்ஷனுக்கு வழி கேட்டால் மோவாயால் காட்டுவார். ஒரு நாள் அவர் சைக்கிளையே ஒருவன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். எந்தப் பக்கம் போனான் என்று சந்தே திரண்டு கேட்டது. மோவாயைத் தூக்கினார். நாங்கள் மேற்கே ஓடினோம், சைக்கிள் கிழக்கே போயிருந்தது. தோட்டத்துக்கு வெளியில் நீட்டினால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்டேன்.

"விரலுக்குப் பழக்கம் வந்துரும், அம்மிணி."

இன்னொன்றும் உண்டு. திருடி வைத்த நாற்றுதான் செழிக்குமாம். என் கத்தரி நாற்றை என் கண் முன்னாலேயே பிடுங்குவார். கேட்டால் கொடுக்க மாட்டேனா? கேட்டு வாங்கினால் திருட்டு ஆகாதே. அதனால் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் கத்தரி என்னுடையதைவிட அதிகமாகக் காய்த்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

அரசாணிக்காய் மட்டும் அவரிடம் நிற்கவில்லை. மஞ்சள் பூசணியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் மகளுக்கு அந்தப் பொரியல் என்றால் உயிர். சேந்தமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். போன வருஷம் எல்லோரும் வந்திருந்தபோது மாப்பிள்ளை, பாவம், "அட, பிஞ்சு" என்று விரலை நீட்டிவிட்டார். மாமனார் பாய்ந்து அந்தக் கையில் ஓர் அடி வைத்தார். சம்பந்தியம்மாள் பார்க்கப் பார்க்க. மகள் பையைத் தூக்கிவிட்டாள்.

"எம்பட ஊட்டுக்காரர் கையைவிட உங்களுக்குக் காய் பெருசாப் போச்சுதுங்களா? அந்தக் கொடியில ஒரு காய் முத்தட்டும். அப்பறமா வாரேன்."

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை. ஒரு காய் முத்த வேண்டும், மகள் வர வேண்டும். கண் பட்டுவிடக் கூடாதென்று பழைய பனியன்களைக் கிழித்து ஒவ்வொரு பூவுக்கும் முக்காடு போட்டார். தூரத்தில் இருந்து பார்த்தால் துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருக்கும். பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுந்தன. யாரோ விரல் நீட்டுகிறார்கள் என்று சந்தில் இருக்கிற எல்லோரையும் சந்தேகப்பட்டார்.

"மூடி வெச்சா வண்டு எப்பிடிங்ணா உள்ள போகும்?" என்றேன்.

"வேட்டிக்குள்ளயே போகுது. பூவுக்குள்ள போகாதா?"



நல்ல வேளை, கொடிக்கு அவரைவிடப் புத்தி அதிகம். மதிலைத் தாண்டி என் குளியலறைக் கூரையில் ஏறி, முக்காடு இல்லாமல் பூத்து, ஒரு பிஞ்சு பிடித்தது. நான் தினமும் பல் விளக்கும்போது அதைப் பார்த்து விரலை ஆட்டி ஆட்டிக் கதை பேசினேன். குடம் மாதிரி முத்தியதும் அவரைக் கூப்பிட்டேன். பார்த்த மனுஷன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆரும் விரல் நீட்டலையே?"

"நாந்தான் நீட்டுனேனுங்க. தெனமும்."

காயையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப உம்பட விரலு நல்ல விரலு, அம்மிணி."

தோற்றேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஆனால் அன்று சாயங்காலமே பனியன்கள் எல்லாம் இறங்கின. மகளுக்குப் போனும் போயிற்று.

அவர்கள் வருவதற்குள் கொடியில் புதிதாகச் சில பிஞ்சுகள் பிடித்துவிட்டன. காயை நான்தான் அரிந்தேன். தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல். சாப்பிட்டதும் மாப்பிள்ளை தோட்டத்துக்குள் போனார், யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு. மகள் முகம் சுண்டிப்போயிற்று. மடக்குக்கைக்காரர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். மறுபடியும் அடிக்கத்தான் போகிறார் என்று நான் கரண்டியோடு ஓடினேன். அவர் மடங்கியிருந்த விரல்களில் ஒன்றை மெதுவாக நிமிர்த்தினார்.

"அடுத்த தடவைக்கு எந்தக் காயின்னு நீங்களே காட்டுங்க, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை மதிலோரத்துப் பிஞ்சு ஒன்றைக் காட்டினார். அவர் விரலைவிட மாமனாரின் மீசைதான் அதிகமாக நடுங்கியது. மகள் சிரித்துவிட்டாள்.

அவர்கள் ஊருக்குப் போன சில நாளில், விடிந்ததும் எட்டிப் பார்க்கிறேன். அந்தப் பிஞ்சு, அது மட்டும், மஞ்சளாகி வெம்பிக் கிடக்கிறது. அவர் எழுந்திருக்கும் முன்னால் மதில்மேல் கையை விட்டுக் கிள்ளி எடுத்து, என் எருக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டேன்.

பிஞ்சு எங்கே என்று மோவாயால் கேட்டார். அணில் தூக்கிக்கொண்டு போயிற்று என்றேன். இப்போது காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அணிலைத் திட்டுகிறார்.

திட்டட்டும். அணிலுக்கு அவர் பெண் கொடுக்கவில்லையே.