துணைப் பட்டியல்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதன் பிறகு வெகுகாலம் சும்மா இருந்தது. அந்த இடைவெளியை நிரப்பியவன் நான். பதினோரு வருடங்களுக்கு முன்பு, எங்கள் அலுவலகத்தின் தலைமை எழுத்தர் என்ற முறையில், 'துணைப் பட்டியலை' உலகுக்கு வழங்கினேன். இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். உரிய வழியில் பரிசீலிக்கப்படும்.

விஷயம் எளியது. எங்கள் கண்காணிப்பாளரின் அறைக்கும் ஆவண அறைக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. பழைய கோப்பு வேண்டுமென்றால் ஆவண அறைக்குள் போயாக வேண்டும். கண்காணிப்பாளர் தங்கமான மனிதர். யாருடைய பிறந்த நாளையும் மறக்க மாட்டார். விடுப்பு மனு நீட்டினால் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். பெண்கள் விஷயத்தில் மட்டும் 'கொஞ்சம் அப்படி'. எப்படி என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரிந்ததைப் போய்க் கேட்பானேன்?

ஆனால் பெண்கள் ஆவண அறைப் பக்கம் போகத் தயங்கியதில் கோப்புகள் தேங்கின. இது பொறுக்க முடியாத அநீதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, சிவப்பு மையில் கட்டம் போட்டுப் பட்டியல் தயாரித்தேன். திங்கட்கிழமை மூன்றாம் இருக்கை உள்ளே போனால் ஐந்தாம் இருக்கை துணைக்குப் போகும். ஐந்து விடுப்பென்றால் எட்டு. எட்டுக்குப் பல்வலி என்றால் சாவி அக்கா. அலமாரிச் சாவிகள் எல்லாம் அவர் இடுப்பில் தொங்குவதால் அந்தப் பெயர். வயது வித்தியாசமில்லாமல் அனைவருக்கும் அவர் அக்காதான். ஒரே மாதத்தில் கோப்புத் தேக்கம் பாதியாகக் குறைந்தது.

அறிவிப்புப் பலகையில் எதை ஒட்டினாலும் கண்காணிப்பாளரின் ஒப்புதல் வேண்டும் என்பது விதி. விதியை மீறும் பழக்கம் எனக்கில்லை. பட்டியலை அவரிடமே கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். என் கண்ணுக்குத் தப்பிய ஒரு குறையையும் பிடித்துவிட்டார். ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: 'வியாழக்கிழமைகளில் நான் தலைமை அலுவலகக் கூட்டத்துக்குச் செல்வதால் அன்று துணை தேவையில்லை.' கீழே கையொப்பம், தேதி, முத்திரை. அந்தத் திருத்தத்தை அப்படியே சேர்த்து மாதாமாதம் புதுப்பிக்கிறேன். இன்றுவரை ஒரு அடித்தல் கிடையாது.

இப்படிச் சீராக ஓடிக்கொண்டிருந்த அலுவலகத்தில்தான் அந்தப் புதுப் பெண் சேர்ந்தாள். இரண்டாம் இருக்கை. சேர்ந்த மூன்றாம் வாரம், துணைக்குப் போக வேண்டிய ஐந்தாம் இருக்கை தொலைபேசியில் இருந்தபோது, மாற்று யார் என்று பட்டியலைப் பார்க்காமல் தனியாக உள்ளே போய்விட்டாள். பட்டியலைப் படிக்காதவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்? மறுநாள் காலை தலைமை அலுவலகத்துக்கு ஒரு புகார் மனு எழுதிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். எந்த மனுவும் என் வழியாகத்தான் மேலே போக வேண்டும். ஓரத்தில் இடம் விடவில்லை என்று திருப்பினேன். இடம் விட்டு வந்தாள். தேதியை எண்ணில் எழுதியிருந்ததால் திருப்பினேன். எழுத்தில் எழுதி வந்தாள்.

மூன்றாம் முறை கொஞ்சம் அன்பாகவே பேசினேன்.

"பொருள்னு போட்டு இவ்வளவு கடுமையான வார்த்தை எழுதலாமாம்மா? 'சிறு அசௌகரியம்'னு போடேன்."

"அசௌகரியம்னா நாற்காலி ஆடுறது சார். எனக்கு நடந்தது வேற."

"அவர் கொஞ்சம் அப்படித்தான்மா. மத்தபடி நல்லவர். உன்னை முதல் சீட்டு துணையோட சேர்த்துப் பட்டியல்ல திருத்திடுறேன்."

"எனக்குத் துணை வேணாம் சார். மனு போகணும்."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இந்தத் தலைமுறைக்கு ஏற்பாடுகளின் அருமை தெரிவதில்லை.

அந்தச் சமயத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. 'பாலியல் வன்முறையைச் சமூகம் இயல்பாக்குகிறதா?' என்ற தலைப்பில் ஒவ்வொரு அலுவலகமும் விவாத அரங்கம் நடத்த வேண்டும். பேச்சுகளைச் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்து, அரங்கில் காட்டப்படும் ஆவணங்களின் நகலோடு, அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். நடுவராக அலுவலகத்தின் மூத்த அதிகாரி இருப்பார்.

மூத்த அதிகாரி கண்காணிப்பாளர்தான். பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். 'இல்லை' அணிக்கு ஆண்கள் வரிசையில் நின்றார்கள். தலைமைப் பேச்சாளனாக நானே என்னைத் தேர்ந்தெடுத்தேன். 'ஆம்' அணிக்கு ஆளே இல்லை. விவாதம் நின்றுபோகுமோ என்று நான் கவலைப்பட்டபோது புதுப் பெண் கையைத் தூக்கினாள். மனுவை மறந்து பொதுக்காரியத்துக்கு வருகிறாளே என்று எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

கூட்ட அறையில் நாற்காலிகளை நானே வரிசை பிடித்துப் போட்டேன். முதலில் நான் பேசினேன்.

"பெரியோர்களே! இயல்பான விஷயத்துக்கு யாராவது ஏற்பாடு செய்வார்களா? மூச்சு விடுவதற்குப் பட்டியல் உண்டா? இல்லை. ஆனால் இங்கே பாருங்கள்." பலகையிலிருந்து கழற்றி வந்திருந்த துணைப் பட்டியலை உயர்த்திக் காட்டினேன். "பதினோரு வருட உழைப்பு. இதை இயல்பாக்குவது என்று எந்த நெஞ்சம் சொல்லும்?"

பலத்த கைதட்டல். கண்காணிப்பாளரும் தட்டினார்.

புதுப் பெண் எழுந்தாள். "ஒரு சந்தேகம் சார். இந்தப் பட்டியல் யார்கிட்டேருந்து எங்களைக் காப்பாத்துது?"

"ஆவண அறையிலிருந்து."

"ஆவண அறை என்ன பண்ணும்?"

"பொதுவாகச் சொன்னேன்மா."

"அந்த அறை வியாழக்கிழமை மட்டும் ஒண்ணும் பண்ணாதா?"

பின் வரிசையில் சாவிக் கொத்து குலுங்கியது. அக்கா சிரிப்பை அடக்குகிறார் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"சரி, இனி என் பேச்சு," என்று அவள் மடித்த காகிதம் ஒன்றைப் பிரித்தாள். ஓரத்தில் இடம் விடப்பட்டிருந்தது. தேதி எழுத்தில் இருந்தது. நான் பேனாவைத் திறந்து, சுற்றறிக்கைப்படி சொல்லுக்குச் சொல் எழுதத் தொடங்கினேன்.

"'இவ்வலுவலகக் கண்காணிப்பாளர் ஆவண அறைக் கதவைச் சாத்தினார். என் இடுப்பைப் பிடித்தார். கையைத் தட்டிவிட்டேன். மறுபடியும் பிடித்தார். நான் கத்தினேன். வெளியே ஏழு பேர் இருந்தார்கள். தட்டச்சுச் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் ஆரம்பித்தது.'"

ஆறு பேர் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஏழாவதாக நானும் பார்த்தேன். அன்று முதலில் தட்டச்சை ஆரம்பித்தவன் நான் என்பது எனக்கு நினைவு வந்தது. எதற்கு வந்தது என்று தெரியவில்லை.

கண்காணிப்பாளரின் முகம் கறுத்தது. நிலைமையை நான் காப்பாற்றினேன்.

"உதாரணத்துக்குச் சொல்றாங்க சார். விவாதம்தானே."

"ஆமா, ஆமா. உதாரணம்," என்று அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உச்சரிப்பு நல்லா இருக்கு."

தீர்ப்பு வழங்கப்பட்டது. 'சமூகம் இயல்பாக்கவில்லை, அணுவளவும் இல்லை.' எனக்கு முதல் பரிசாகச் சுவர்க் கடிகாரம். புதுப் பெண்ணுக்கு ஆறுதல் பரிசாக ஒரு பேனா. அவள் அதை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சார், என் பேச்சு முழுசாப் பதிவாயிடுச்சா?"

"ஒரு எழுத்து விடலை."

"பட்டியல் நகல்?"

"அரங்கில் காட்டப்பட்ட ஆவணமாச்சே. பதினோரு வருஷத்துப் பட்டியலையும் இணைச்சிருக்கேன். இணைப்பு ஒன்று முதல் நூத்து முப்பத்திரண்டு வரை."

"ரொம்ப நன்றி சார். நாலாவது தடவை திருப்பாம அனுப்பிட்டீங்க."

என் பதிவுத் திறமையைத்தான் பாராட்டுகிறாள் என்று நினைத்தேன். நூற்று முப்பத்திரண்டு இணைப்புகளிலும் கண்காணிப்பாளரின் கையொப்பம் இருந்தது. 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் கையொப்பமும் அழகாக இருந்தது. மாலைத் தபாலில் நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது. பாராட்டுக் கடிதம் என்று கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் வரியில் என் குரல் இறங்கியது. கண்காணிப்பாளர் மீதும், 'எல்லாம் தெரிந்து பட்டியல் தயாரித்தவர்' மீதும் விசாரணையாம். இருவரும் தலைமை அலுவலகத்தில் தனித்தனியே ஆஜராக வேண்டுமாம். இரண்டாம் இருக்கை தலை நிமிராமல் அந்த ஆறுதல் பரிசுப் பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மூடிய கதவு, உள்ளே மேலதிகாரி, நான் மட்டும் தனியாக என்ற காட்சியே கண்முன் வந்தது. கடைசியில் சாவி அக்காவிடம் போனேன். பதினோரு வருடமாக யார் விடுப்பெடுத்தாலும் துணைக்குப் போனவர், மறுக்க மாட்டார்.

"அக்கா, விசாரணைக்கு என்கூடக் கொஞ்சம் வர்றீங்களா? தனியா உள்ளே போக ஒரு மாதிரி பயமா இருக்கு."

அக்கா அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"என்னைக்கு?"

"வியாழக்கிழமை."

அவர் அறிவிப்புப் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"வியாழக்கிழமை துணை தேவையில்லைன்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க."